தேர்தல் தேதி கோட்டையின் கையில் இருக்கலாமா?

2011 அக்டோபரில் தமிழகத்தின் 10 மாநகராட்சிகளையும் அதிமுக வென்றது. 2022 பிப்ரவரியில் 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்குப் போயின. இரண்டுமே கோட்டையைப் பிடித்த ஓராண்டுக்குள் கிடைத்த வெற்றிகள். 1996, 2006 உள்ளாட்சித் தேர்தல்களிலும் ஆளுங்கட்சியின் கையே ஓங்கியது. ஆளுங்கட்சிக்குப் போட்டால்தான் தெருவுக்குத் தண்ணீரும் சாலையும் வரும் என்று மக்கள் கணக்குப் போடுகிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான்.

1986இல் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோதே நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை திமுக கைப்பற்றியது. 2001இல் ஜெயலலிதா பெருவெற்றியோடு ஆட்சிக்கு வந்த ஐந்தே மாதத்தில், சென்னை மக்கள் மு.க. ஸ்டாலினை நேரடி வாக்கில் மீண்டும் மேயராக்கினார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில், மாவட்ட, ஒன்றிய வார்டுகளில் அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணி முந்தியது. வாக்காளர் ஆளுங்கட்சிக்கு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்துவிடவில்லை. மாற்றிப் போட அவருக்குத் தெரியும். அதற்கான வாய்ப்பு எப்போது, எந்த வடிவில் வரும் என்பதை ஆள்பவர்கள் முடிவு செய்வதுதான் சிக்கல்.

மேயர் பதவியையே பாருங்கள். 1996இலும் 2001இலும் நேரடித் தேர்தல். 2006இல் திமுக ஆட்சியில் கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் நேரடி. 2019 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டத்தால் மறுபடி மறைமுகமாக்கியது. அடுத்து வந்த திமுக அரசு அந்த முறையிலேயே தேர்தலை நடத்திக்கொண்டது. இதில் இரு கழகங்களுக்கும் பேதமில்லை.

தேதி இதைவிட மோசம். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் விதி மீறப்பட்டதாகச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று காலம் ஓடியது. ஊரகத்துக்கு மூன்று ஆண்டு, நகரங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் மத்திய நிதிக் குழு மானியமும் நின்றது. 2012இல் 18 வயதான சென்னை இளைஞர் தன் கவுன்சிலருக்கு முதல் வாக்கைப் போட 28 வயதுவரை காத்திருந்தார். 2022இல் சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை என்றால், வாக்காளரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகுமா? 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோதும் வந்தது தேர்தல் அல்ல, தனி அலுவலர்களே.

ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2006இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதையே வலியுறுத்தியது. ஆகவே வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே முடிந்தாக வேண்டும் என்று சட்டமன்றம் கெடு விதிக்க வேண்டும். கெடு தவறினால் பழைய வார்டுகளிலேயே, உரிய இடஒதுக்கீட்டோடு, மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை அறிவிக்கட்டும். மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த முறையில் கைவைக்க சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் இப்போதே உடன்பட வேண்டும்.