கிண்ணங்களின் கணக்கும் ஞாபகத்தின் கணக்கும்

1980ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி, சனிக்கிழமை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் அன்று எனக்கு இரவுப் பணி. இலண்டனில் பிற்பகல் இரண்டு மணிக்கு விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் இறுதிப் போட்டி தொடங்கியபோது எமக்கு மாலை ஆறரை மணி. ஞாயிறு பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் செய்திக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தொலையச்சு இயந்திரத்தின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருபுறம் தொடர்ச்சியாக ஐந்தாவது முறை சம்பியனாக முயன்ற சுவீடன் நாட்டு வீரர் பியோர்ன் போர்க். மறுபுறம் 21 வயதேயான அமெரிக்கர் ஜோன் மெக்கென்ரோ. முதல் செட் மெக்கென்ரோவுக்கு. அடுத்த இரண்டும் போர்க்கிற்கு. பின்னர் இயந்திரம் நீண்ட நேரம் மௌனமாக இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது: நான்காவது செட், மெக்கென்ரோ 7-6.

நிலைமை மாறிவிட்டது, இனி இளையவர்தான் வெல்வார் என்று தீர்மானித்து, மெக்கென்ரோ மகுடம் சூடியதாக ஒரு தலைப்பையும் எழுதி அச்சுக் கோப்பவரிடம் கொடுத்துவிட்டேன். இரவு பத்து மணி கடந்த பின்னர், ஐந்தாவது செட்டை 8-6 என்று போர்க் கைப்பற்றினார் என்ற செய்தி வந்தது. அந்தத் தலைப்பு அச்சேறாமல் தப்பியது எனது அதிர்ஷ்டம்.

நான் எழுதிய 7-6 என்ற அந்த இரண்டு இலக்கங்களுக்குள் என்ன இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இருபது நிமிடங்களுக்கும் மேலாக நீடித்த ஒரு டை பிரேக்; அதில் 34 புள்ளிகள். போர்க்கிற்குச் சம்பியன் பட்டத்துக்கான வாய்ப்பு அந்த டை பிரேக்கிலேயே ஐந்து முறை வந்தது. ஐந்தையும் மெக்கென்ரோ தட்டிப் பறித்தார். 18-16 என்று அதனை இழந்த போர்க், மனம் உடைந்திருக்க வேண்டிய அந்த வேளையில், ஐந்தாவது செட்டில் தமது சேர்விஸில் தொடர்ச்சியாக 19 புள்ளிகளை வென்றார். இவற்றில் ஒன்றேனும் அடுத்த நாள் எமது பத்திரிகையில் இல்லை. 7-6 என்பது மட்டும் பிழையின்றி அச்சாகியிருந்தது.

இந்தப் பழைய கதை இப்போது நினைவுக்கு வருவதற்குக் காரணம், ரொறன்ரோவில் இருக்கும் எனது பேரன். 2025 ஜூன் 8ஆம் திகதி பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கார்லோஸ் அல்கராஸ் மூன்று சம்பியன்ஷிப் புள்ளிகளைத் தடுத்து, 5 மணி 29 நிமிடங்கள் போராடி யானிக் சின்னரை வென்றதைப் பார்த்துவிட்டு, பரவசம் அடங்காமல் எனக்குத் தொலைபேசி எடுத்தான். இதைப் போன்றதொன்றை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டான். நான் போர்க்கைப் பற்றியும் ரொட் லேவரைப் பற்றியும் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியால் என்னை மடக்கினான்: "அம்மப்பா, 24 பெரிசா, 11 பெரிசா?"

நொவாக் ஜொகோவிச் வென்ற கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் 24. நடால் 22. பெடரர் 20. போர்க்கிற்கும் லேவருக்கும் ஆளுக்கு 11. கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது நியாயமல்ல என்பதே எனது கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

1968ஆம் ஆண்டு வரை டெனிஸ் உலகில் ஒரு தீண்டாமை நிலவியது. பணத்துக்காக ஆடுவதாக வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டவர் தொழில்முறை வீரர். அவருக்கு விம்பிள்டன் உட்பட நான்கு பெரும் போட்டிகளின் கதவுகளும் மூடப்பட்டன. பணம் வாங்காதவராகப் பெயர்பண்ணிக்கொண்டு, செலவுக்கென்று மறைவாகப் பெற்றுக்கொண்டவர் கௌரவமான அமெச்சூர். 1962இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அவுஸ்திரேலியர் லேவர், தொழில்முறைக்கு மாறியதும் வெளியே நிறுத்தப்பட்டார். 1963 முதல் 1967 வரை ஐந்து ஆண்டுகள்; ஆண்டுக்கு நான்காக இருபது போட்டிகள். அவர் வயது 25 முதல் 29 வரையான, ஒரு வீரனின் பொன்னான காலம் அது. கதவு திறக்கப்பட்ட அடுத்த ஆண்டே, 1969இல், மீண்டும் நான்கையும் வென்று காட்டினார்.

அவரது நாட்டவரான கென் ரோஸ்வோலின் கதை இன்னும் வேதனையானது. 1957 தொடக்கம் பதினொரு ஆண்டுகள் வெளியே நின்றார். 1954இல் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆடிய அவர், 1974இல் 39 வயதில் மீண்டும் அதே இறுதிப் போட்டியில் ஆடினார். இரண்டிலும் தோல்வி. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தால் என்ற கேள்விக்கு எந்த அட்டவணையும் விடை தராது.

அந்த ஆண்டுகளில் பட்டங்களைக் குவித்தவர் இன்னொரு அவுஸ்திரேலியரான ரோய் எமர்சன். அவருடைய 12 பட்டங்களும் 1968இற்கு முந்தியவை. அந்த 12 என்ற சாதனையை 2000ஆம் ஆண்டிலேதான் பீட் சாம்ப்ராஸ் முறியடித்தார். எமர்சன் சிறந்த ஆட்டக்காரர். அவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் போற்றிய அந்த எண், லேவரும் ரோஸ்வோலும் வாசலுக்கு வெளியே நின்ற காலத்தில் எழுதப்பட்டது என்பதை எண் சொல்வதில்லை.

இனி, நான்கு போட்டிகளையும் ஒரே தராசில் வைத்து எண்ணும் வழக்கமும் பின்னாளில் வந்ததுதான். 1970களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டி டிசம்பர் மாதத்தில், நத்தாரை ஒட்டி நடத்தப்பட்டது. பெரிய வீரர்கள் பலர் அத்தனை தூரம் போகவில்லை. போர்க் தமது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 1974இல், அங்கு ஆடினார். அதே 1974இல் மற்றைய மூன்று பட்டங்களையும் வென்ற ஜிம்மி கொனர்ஸை, வேறோர் அமைப்பின் அணிப் போட்டிகளில் ஆட ஒப்பந்தம் செய்தார் என்ற காரணத்துக்காகப் பிரெஞ்சுப் போட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. 1973இல் 81 வீரர்கள் விம்பிள்டனைப் பகிஷ்கரித்தார்கள். யூகோஸ்லாவியாவின் நிக்கி பிலிச்சுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து, சக வீரனுக்காக அவர்கள் தமது ஆண்டைத் தியாகம் செய்தார்கள். எண்ணும்போது இவையெல்லாம் வெறும் சுழியங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது 1993 ஏப்ரல் 30ஆம் திகதி ஹம்பேர்க் நகரில் நடந்தது. 19 வயதில் எட்டுப் பெரும் பட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்த மொனிக்கா செலஸ், ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, ஸ்டெபி கிராப்பின் வெறிகொண்ட இரசிகன் ஒருவன் பின்னாலிருந்து முதுகில் கத்தியால் குத்தினான். காயம் ஆறியது, மனம் ஆற இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சென்றது. திரும்பி வந்து அவரால் ஒரேயொரு பெரும் பட்டத்தையே வெல்ல முடிந்தது. கிராப் அந்த நாளுக்கு முன் 11 பட்டங்களையும் அதன் பின் 11 பட்டங்களையும் வென்றவர். அவர் ஒரு குற்றமும் அறியாதவர், மகத்தான வீராங்கனை. என்றாலும், இன்று அட்டவணையைப் பார்க்கும் சிறுமி ஒருத்தி கிராப் 22, செலஸ் 9 என்று வாசிப்பாள். அந்தக் கத்திக்கு அட்டவணையில் ஒரு நிரல் இல்லை.

தமிழர்களாகிய நாம் இதனை மற்றவர்களைவிட நன்றாக உணரவேண்டும். 1960களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த எனக்கு டெனிஸ் மைதானம் எப்படியிருக்கும் என்பது தெரியாது. ஆனால் இராமநாதன் கிருஷ்ணன் என்ற பெயர் தெரியும். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரை இறுதி வரை சென்றார். முதல் முறை நீல் பிரேசரிடமும் அடுத்த முறை லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டில் சம்பியன் ஆனவர்கள். 1961 கால் இறுதியில் அவர் நேர் செட்களில் வீழ்த்தியது வேறு யாரையும் அல்ல, மேலே சொன்ன எமர்சனைத்தான். கிண்ணக் கணக்கில் கிருஷ்ணனுக்கு இடமில்லை.

விஜய் அமிர்தராஜும் அப்படியே. 1979 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் முதல் மூன்று செட்களில் இரண்டைக் கைப்பற்றி, நான்காவது செட்டை டை பிரேக் வரை இழுத்துச் சென்று போர்க்கைத் திணறடித்தார். அந்த டை பிரேக் மறுபக்கம் சாய்ந்திருந்தால் 1980இன் இறுதிப் போட்டியில் ஐந்தாவது மகுடம் என்ற பேச்சே எழுந்திராது. விஜயும் அவரது தமையனார் ஆனந்தும் இடம்பெற்ற இந்திய அணி 1974இல் டேவிஸ் கிண்ண இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சியின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக்கொண்டது. ஏடுகளில் அந்த ஆண்டின் சம்பியன் தென்னாபிரிக்கா. ஆனால் மானத்தோடு கைவிடப்பட்ட அந்தக் கிண்ணமே வெல்லப்பட்ட பல கிண்ணங்களைவிடப் பெரியது என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவும் சொல்லிய பின், எனது பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேரனிடம் 1980 இறுதிப் போட்டியை விவரித்தபோது, பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்ற தகராறில் மெக்கென்ரோ நடுவரைப் பார்த்து, விளையாட்டுக்குத்தானே சொல்கிறீர் என்ற பொருள்படக் கத்திய அந்தப் பிரசித்தமான வசனத்தையும் நடித்துக் காட்டினேன். இரண்டே நிமிடத்தில் அவன் ஒளிப்பதிவைத் தேடி எடுத்துவிட்டான். அது 1980 அல்ல, 1981. இறுதிப் போட்டி அல்ல, முதல் சுற்று. எதிரே நின்றவர் போர்க் அல்ல, டொம் கல்லிக்சன். பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்களுடைய பிரதிகளில் பிழை திருத்தியே ஆயுளைக் கழித்த எனக்கு நேர்ந்த கதி அது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிழையை நான் மனதார நம்பியிருந்தேன்.

ஆகவே எண்களை ஏளனம் செய்யும் தகுதி ஞாபகத்துக்கு இல்லை. அந்தக் காலம்போல் வருமா என்று பெருமூச்சு விடுவதும் ஒரு வகைச் சோம்பலே. லேவர் நான்கு பட்டங்களையும் வென்ற காலத்தில் அவற்றில் மூன்று புற்தரையில் ஆடப்பட்டவை. இன்று மூன்று விதமான தரைகளில் தேர்ச்சி காட்ட வேண்டும். எண்களும் சில வேளைகளில் தோற்றவனுக்காகச் சாட்சி சொல்லும். 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் பெடரர் வென்ற புள்ளிகள் 218, ஜொகோவிச் வென்றவை 204. அதிக புள்ளிகளை வென்றவர் தோற்றார்! இதை எனக்குச் சொன்னவனும் அந்தப் பேரனே.

எனது அபிப்பிராயம் இதுதான். யார் எல்லோரிலும் பெரியவர் என்ற வழக்கை நடத்துவதை விட்டுவிடுவோம். அது தீராத வழக்கு. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள், எது தடுத்தது, எதைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்போம். பழைய இரசிகர்களாகிய எமக்கு அதிலே ஒரு கடமையும் உண்டு. நாம் கண்டதையும் கேட்டதையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லுமுன் ஆண்டையும் பெயரையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிழையாகச் சொல்லப்பட்ட ஒரு நினைவு, சரியாகச் சொல்லப்பட்ட பத்து நினைவுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பேரனின் கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. 24 தான் பெரிது என்று சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு, 1963 முதல் 1967 வரையான ஐந்து ஆண்டுகளைப் பற்றி அவனிடம் கேட்கப் போகிறேன். அவன் கெட்டிக்காரன், தேடிப் பார்ப்பான்.