மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா?

போன வாரம் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான. வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"மாமா, இங்க ஒரு பெரியவர் தன் பழைய விமானத்தைப் பிரிச்சு விக்கிறார். ரேடியோ, வழிகாட்டி, உயரமானி எல்லாத்தையும் மொத்தமா சல்லிசாத் தர்றேங்கிறார். உங்க காலத்துச் சாமான். வாங்கட்டுமா?"

மீனம்பாக்கத்தில் விமான ரேடியோக்களைப் பழுது பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான். இப்போது வடகவுஞ்சியில் பூண்டும் காப்பியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'உங்க காலத்துச் சாமான்' என்றதும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனாலும் உடனே "வாங்கு" என்று சொல்ல வாய் வரவில்லை.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. மதராசில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்யச் சொல்லி 1910லேயே பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் காலத்தில் மும்பை அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானமே கட்டினார். கம்பெனி விமானத்தில் அங்கீகாரம் பெற்ற கருவியைத்தான் மாட்ட முடியும். சொந்தமாகக் கட்டுகிறவனுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. அதனால் பொறுப்பும் அவன் தலையில்தான்.

கருவி பழசா, புதுசா என்று பார்க்காதே. அது யாரிடம் கேட்டுப் பதில் சொல்கிறது என்று பார். இதுதான் என் கட்சி.

கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் 1850ஆம் வருடத்துத் தொலைநோக்கி ஒன்று உண்டு. நூறு வருடமாகச் சூரியனைப் படம் பிடித்த கருவி. அது எப்படிப் பழசாகும்? மறுமுனையில் இருப்பது அதே சூரியன். விமானத்திலும் அப்படித்தான். திசைகாட்டி பூமியின் காந்தத்தைக் கேட்கிறது. உயரமானி காற்றின் அழுத்தத்தைக் கேட்கிறது. மின்சாரமே போனாலும் இரண்டும் வேலை செய்யும். பரிசோதித்துச் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மனிதன் வைத்த நிலையத்தைக் கேட்கும் கருவிகள் வேறு ஜாதி. லோரான் என்று ஒரு வழிகாட்டி இருந்தது. 2010 பிப்ரவரியில் அமெரிக்கா அதன் நிலையங்களை மூடத் தொடங்கியது. அன்றோடு நல்ல நிலையில் இருந்த பெட்டிகளெல்லாம் வெறும் எடை. வி.ஓ.ஆர். நிலையங்களையும் அங்கே குறைத்துவிட்டார்கள். ஜி.பி.எஸ். தடுமாறினால் கைகொடுக்க ஒரு பகுதியை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய வி.ஓ.ஆர். பெட்டி இரண்டாவது துணையாக இருக்கட்டும், முதல் துணையாக வேண்டாம்.

இரண்டு சாமானை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்றேன்.

ஒன்று, விமானம் விழுந்தால் தானாகக் கூவும் அபாய ஒலிபரப்பி. பழையது 121.5 மெகாஹெர்ட்சில் கூவும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. 406ஐ மட்டுமே கேட்கின்றன. "பழசை வச்சிருக்கச் சட்டத்துல இடம் இருக்குங்கிறாங்களே மாமா" என்றான். இருக்கட்டும் மாப்ளே, காட்டுக்குள் விழுந்து கிடப்பவனுக்குச் சட்டமா வந்து கதவைத் திறக்கும்?

இரண்டாவது, காற்று உறிஞ்சும் பம்ப்பால் சுழலும் பழைய செயற்கைத் தொடுவானம். மேகத்துக்குள் இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று காட்டுவது அதுதான். பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். உள்ளே சுழல்வதோ சட்டென்று நிற்காது; மெல்ல வேகம் குறைந்து, கோடு மெல்லச் சாயும். விமானி அதை நம்பித் தானும் சாய்வான். இங்கே மஞ்சு இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் மாடு தெரியாது. அந்த வெள்ளைக்குள் பொய் சொல்லும் கருவியோடு பறப்பதை நினைத்துப் பாருங்கள். இன்று சொந்த விமானங்களுக்கென்றே மின்னணுத் தொடுவானம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. அதற்குத் தனி பேட்டரியும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ரேடியோவை வாங்கச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. வயரிங் வரைபடம் கையில் இருக்க வேண்டும், பக்கத்தில் அதைப் பிரிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் பழைய ஜீப்பை வைத்திருப்பது பாசத்தால் மட்டுமா? பழுதானால் சரிசெய்ய ஆள் இருப்பதால்தானே! வாங்கியபின் சும்மா போட்டுவைக்கவும் கூடாது. மாதம் ஒருமுறையாவது போட்டுப் பேசு, ஈரம் ஏறவிடாதே என்றேன்.

கடைசியில் உயரமானியும் திசைகாட்டியும் ரேடியோவும் வாங்கிவிட்டானாம். அபாய ஒலிபரப்பி மட்டும் புதுசு. அதைப் பதிவு செய்யும்போது அவசரத்துக்குக் கூப்பிட ஆள் பெயர் கேட்டார்களாம். அம்மா பயப்படுவாள் என்று என் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான்.

வடகவுஞ்சியில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து ராத்திரி போனை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இந்த மறுமுனையில் இப்போது நான் இருக்கிறேன் அல்லவா?