முதல் வண்டியை யார் கொடுப்பார்?

ஹட்டனிலிருந்து ஒரு மாணவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தர வகுப்பில் பயில்கிறவராம். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குச் சென்று மோட்டார்ப் பந்தயங்களைத் தவறாது பார்த்து வருகிறாராம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருவன் உலகப் பந்தயச் சாரதியாக வர இயலுமா, இயலுமெனில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய வினா. தந்தையாரிடம் கேட்டபொழுது, முதலில் பரீட்சையைப் பார் என்று விடை கிடைத்ததாகவும் குறிப்பிட்டிருக்கிறார். தந்தையார் கூறியதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் மைந்தர் கேட்டதும் சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று.

மோட்டார்ப் பந்தயம் நமது மலைகளுக்குப் புதிதானதொன்றல்ல. மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மலையேற்றப் பந்தயம் முதன்முதலாக நடைபெற்றது 1934ஆம் ஆண்டில். நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லவிலும் இத்தகைய பந்தயம் உண்டு. இப்பந்தயத்தில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மலையுச்சி நோக்கிப் பாய்கின்றன. எதிரி கடிகாரம் ஒன்றே. ஒரு வளைவிலே சற்று முன்னதாகத் தடையை அழுத்தியவர், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கை இழந்து, அதனாலேயே பரிசையும் இழப்பார்.

அவ்வளைவுகளை நம்மவர் அறிவர். எந்த இடத்தில் பனி முதலில் இறங்கும், எந்த இடத்தில் மழை நீர் பாதையைக் குறுக்கறுத்து ஓடும் என்பதெல்லாம் கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் அவ்வழியே நடப்பவருக்குத் தெரியும். கொழுந்து லொறி ஓட்டும் சாரதிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எனினும் பந்தய நாளன்று திசைமாற்றிச் சக்கரத்தைப் பிடிப்போர் பெரும்பாலும் கொழும்பிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் வருகிறவர்கள். நம் பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று கைதட்டுகிறார்கள். துணிவு போதாமையால் இந்நிலை நேர்ந்தது என்று எவரும் சொல்லத் துணியார். காரணம் வேறு.

இக்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சாரதிகளில் மிகப் பலர் கோ-கார்ட் எனப்படும் சிறு வண்டியில் தொடங்கியவர்கள். இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, பந்தய வண்டிகள் கட்டும் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்கென்று செய்யப்பட்ட சிறு எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். முதல் கோ-கார்ட் அதுதான். இன்றும் அதன் அமைப்பு எளியதே. குலுக்கலைத் தாங்கும் வில்கள் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டவை. சாதாரண மோட்டார் வண்டி வளையும்போது வெளிச் சக்கரம் விரைவாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல்வதற்குரிய ஏற்பாடு உண்டு. இதிலோ அது கிடையாது. ஆதலால் வளைவில் உட்பக்கப் பின் சக்கரம் நிலத்தை விட்டுச் சிறிது எழும்பினாலன்றி வண்டி திரும்ப மறுக்கும். எட்டு வயதுப் பிள்ளை இதைப் புத்தகத்தில் படிப்பதில்லை. உடம்பால் உணர்கிறது. தார்த் தரைக்கு மேல் சில அங்குல உயரத்தில் அமர்ந்து, ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பால் அறிந்து வளரும் பிள்ளைக்குப் பின்னாளில் பெரிய வண்டியின் சறுக்கல் ஓர் ஆச்சரியமாக இராது.

ஜெர்மனியின் மைக்கேல் சூமாக்கர் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். அவருடைய தந்தையார் செங்கல் அடுக்கும் கொத்தனார். மகனுக்கு நான்கு வயதாக இருக்கையில், மிதித்து ஓட்டும் விளையாட்டு வண்டியொன்றில் சிறு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். பிள்ளை அதைக் கொண்டுபோய்த் தெரு விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டது! நம் வீடுகளிலாயின் அத்துடன் கதை முடிந்திருக்கும். அப்பெற்றோர் அவனை அருகிலிருந்த கோ-கார்ட் களத்துக்கு அழைத்துச் சென்றனர். பிறர் கழித்தெறிந்த பாகங்களைக் கொண்டு தந்தையார் ஒரு வண்டி கட்டினார். ஆறு வயதில் சிறுவன் சங்கத்தின் பட்டத்தை வென்றான். செலவைச் சமாளிக்கத் தந்தை அக்களத்திலேயே வண்டிகளைப் பழுதுபார்க்கும் இரண்டாவது வேலையை ஏற்றார். தாய் அங்குள்ள சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தார். ஜெர்மனியில் பந்தய உரிமம் பெறப் பதினான்கு வயதாக வேண்டும் என்றிருந்தமையால், பன்னிரண்டாம் வயதிலே அண்டை நாடாகிய லக்ஸம்பர்க்கில் உரிமம் பெற்றார்கள். இங்கிலாந்தின் லூயிஸ் ஹமில்டன் கதையும் ஏறக்குறைய இதுவே. கரிபியத் தீவாகிய கிரெனடாவிலிருந்து குடியேறிய குடும்பம். மகனுடைய பந்தயத்துக்காகப் பல வேலைகள் பார்த்த தந்தை.

தமிழருள் எவரேனும் இவ்வுயரத்தை எட்டினரா? எட்டினர். போர்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓடிய இந்தியர் இருவரே; இருவரும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள். 2010ஆம் ஆண்டில் ஓடிய கருண் சந்தோக் ஒருவர். அவருக்கு ஐந்தாண்டு முன்னரே அக்களத்தில் இறங்கி வழி திறந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன்.

1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி பிறந்தவர். தைப்பொங்கல் காலத்துப் பிள்ளை. தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் இந்தியாவின் ரலி சாம்பியனாக விளங்கியவர். தென்னிந்திய ரலியை ஏழு முறை வென்றவர். ஆகவே வீட்டில் எரிபொருள் வாசனைக்குக் குறைவில்லை. ஆனால் அந்நாளில் இந்தியாவிலே பிள்ளைகள் கோ-கார்ட் ஓட்டிப் படிப்படியாக வளர்வதற்கேற்ற ஏற்பாடு பெயரளவில்தான் இருந்தது. ஏணியின் முதற் படியே இல்லாத ஊரில் ஒருவர் எப்படி ஏறினார்?

இங்கேதான் எஸ். கரிவரதன் என்ற மனிதரை நினைவுகூர வேண்டும். நாராயணின் புகழைப் பேசுவோர் பலர் இவரை மறந்துவிடுகின்றனர். அது எமக்கு உடன்பாடன்று. கோயம்புத்தூர் பஞ்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த நகரம். அங்கே பந்தயத்தில் பித்துக் கொண்டிருந்த கரிவரதன், சந்தையில் மலிவாகக் கிடைத்த மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மாத்திரம் அமரும் பந்தய வண்டியொன்றை வடிவமைத்தார். போர்முலா மாருதி என்று அதற்குப் பெயர். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். ஐரோப்பிய வண்டிகளுக்கு அருகில் வைத்தால் பொம்மை. ஆனால் உடைந்த பாகத்தை உள்ளூர்க் கராஜிலேயே மாற்றிக்கொள்ளலாம். பணக்காரரின் பிள்ளையல்லாத இளைஞரும் அதில் ஏறி ஓட்டக் கனவு காணலாம். முன்னர் சென்னைக்கருகே சோழவரத்து விமான ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த பந்தயங்கள், பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட களத்துக்கு வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் போர்முலா மாருதி வண்டியிலேதான் நாராயண் தமது முதற் பந்தயத்தை ஓடினார். முதல் மூவருள் ஒருவராக வந்தார். கரிவரதன் 1995ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1992ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், நாராயண் பிரான்சு நாட்டின் வின்பீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றார். பின்னர் இங்கிலாந்து, குளிர்காலப் போர்முலா போர்டு தொடரில் வெற்றி. ஐரோப்பாவில் ஒரு தொடர்ப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அப்பொழுது கிடைத்தது. 1996இல் போர்முலா ஆசியா பட்டம். பிறகு பிரித்தானியப் போர்முலா மூன்று. இவ்வளவையும் விரைவாகக் கூறிவிட்டோம். வாழ்ந்தவருக்கு அது விரைவாகச் செல்லவில்லை. 2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி சில்வர்ஸ்டன் களத்தில் ஜாகுவார் நிறுவனத்தின் போர்முலா ஒன் வண்டியைச் சோதனைக்காக ஓட்டினார். அவ்வண்டியில் அமர்ந்து ஓட்டிய முதல் இந்தியர். ஆனால் பந்தயத்தில் ஓட இடம் கிடைக்க மேலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இடையிலே, 2004ஆம் ஆண்டுப் பருவத்துக்கு மினார்டி நிறுவனம் இடந்தர முன்வந்தது. அதற்கு வேண்டிய ஆதரவுப் பணம் திரளாமையால் அவ்வாய்ப்பு நழுவியது. திறமை இருந்தது, துணிவு இருந்தது, வண்டியும் இருந்தது, பணம் இல்லை. இவ்விளையாட்டின் கசப்பான பக்கம் இதுவே. பிள்ளைகளிடம் இதை மறைப்பது தகாது.

2005ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி, மெல்பேர்ண் நகரில், ஜோர்டன் வண்டியில் அவர் முதன்முறையாகப் போட்டியிட்டார். புறப்படும் வரிசையில் பன்னிரண்டாவது, முடிவில் பதினைந்தாவது. பின்வரிசை வண்டியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

அவ்வாண்டு ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் நிகழ்ந்தது விசித்திரம். அங்குள்ள சாய்வான வளைவொன்றின் அழுத்தத்தை மிஷலின் நிறுவனத்து டயர்கள் தாங்கமாட்டா என்பது பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. பந்தய நாளன்று, அணிவகுப்புச் சுற்று முடிந்தவுடன், அந்த டயர்களைப் பூட்டியிருந்த பதினான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் களத்தை விட்டு விலகின. எஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டன் டயர் பூட்டிய ஆறே வண்டிகள். பார்வையாளர் கூச்சலிட்டனர், போத்தல்களை வீசினர். சூமாக்கர் வென்றார். நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகளைப் பெற்றார். போர்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகள் அவை.

ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நான்காமிடம் என்ன பெருமை என்று கேட்போர் உளர். கேட்கட்டும். எழுபத்து மூன்று சுற்றுகள், போத்தல்கள் விழுந்த களத்தில், தவறேதும் இழைக்காமல் வண்டியைக் கரைசேர்த்தவருக்கு அந்தப் புள்ளிகள் உரியவை. இவ்வகை வண்டி விரைவான வளைவொன்றில் திரும்பும்போது சாரதியின் தலை தன் எடையைப் போல் ஐந்து மடங்கு கனத்துக் கழுத்தை இழுக்கும். வெப்ப நாடுகளில் ஒரே பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகக் கரைந்துபோவதும் உண்டு. அதைத் தாங்கும் உடம்பு ஓராண்டில் உண்டாவதன்று.

2011ஆம் ஆண்டு டில்லிக்கு அருகே முதலாவது இந்தியப் போர்முலா ஒன் பந்தயம் நடந்தபொழுது, தாய்நாட்டு மக்கள் முன்னிலையில் அவர் ஓடினார். அப்பந்தயம் 2013ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று, அவரோ நிற்கவில்லை. ஜப்பானுக்குச் சென்று பல்லாண்டுகள் ஓடி, 2019 நவம்பரில், நாற்பத்திரண்டாம் வயதில், பியூஜி மலையடிவாரக் களத்தில் ஒரு பெரும் பந்தயத்தை வென்றார்.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். இலங்கையிலே பண்டாரகமவில் கோ-கார்ட் களம் உண்டு. 2025ஆம் ஆண்டில் யெவன் டேவிட் என்ற இலங்கை இளைஞர் ஐரோப்பாவின் யூரோபோர்முலா ஓப்பன் தொடரில் ஓடியதையும் கண்டோம். எனவே இந்நாட்டிலிருந்து வழி இல்லை என்று கூற இயலாது. வழி ஹட்டன் வரை வந்து சேரவில்லை என்பதே உண்மை. தேயிலை பறித்துப் பெறும் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்தய வண்டியும், மாதந்தோறும் டயரும், பண்டாரகமவுக்குப் பயணமும் கட்டுபடியாகா. இதற்காகப் பெற்றோர் கடன்பட வேண்டும் என்று எழுத எமது பேனா இசையாது.

ஆனால் கரிவரதன் செய்ததை இங்கே ஒருவர் செய்யலாகாதா? பலகையின் அடியில் பழைய பெயாரிங்குகளைப் பூட்டிச் சரிவில் உருண்டு வரும் பிள்ளைகளைத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். (பெரும்பாதையில் இவ்விளையாட்டை ஆடுவோரைக் கண்டால் பெரியவர்கள் உடனே தடுத்தல் வேண்டும், லொறி பலகையைப் பாராது.) இங்கெல்ஸ் செய்த வண்டிக்கும் அந்தப் பலகைக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு பழைய சிறு எஞ்சினும், இரும்பு ஒட்டத் தெரிந்த ஒரு கராஜ்காரரும், வாகனம் நுழையாத ஒரு தட்டைத் தரையுமே. நகரப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து, ஒரு தொழில்நுட்ப ஆசிரியரின் மேற்பார்வையில், தலைக்கவசத்தோடு இம்முயற்சியைத் தொடங்கினால் அதற்காகும் செலவு ஒரு கிரிக்கெட் குழுவின் செலவைவிடப் பெரிதாய் இராது என்பது எமது கணிப்பு.

பந்தயம் என்பது சாரதி ஒருவரின் தொழிலுமன்று. போர்முலா ஒன் வண்டி டயர் மாற்ற நிற்கும்பொழுது ஏறக்குறைய இருபது பேர் அதைச் சூழ்கின்றனர். 2023ஆம் ஆண்டில் கட்டார் நாட்டுப் பந்தயத்தில் மக்லாரன் குழுவினர் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றினர். ஒரு தும்மலுக்கு அதைவிட நேரம் பிடிக்கும்! எஞ்சினை வரைபவர், காற்றின் ஓட்டத்தைக் கணக்கிடுபவர், எரிபொருளை அளப்பவர் எனப் பின்னால் நிற்போர் பல நூற்றுவர். மொறட்டுவையில் உள்ள இலங்கை-ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்திலும், பேராதனைப் பொறியியற் பீடத்திலும் அக்கல்வியின் அரிச்சுவடி கிடைக்கிறது. அவற்றின் வாயிலைத் திறப்பது, தந்தையார் நினைவூட்டிய அந்தப் பரீட்சைதான்.

அதற்கு முன்னரே களத்தின் உள்ளே நுழைய விரும்புவோர்க்கு இன்னொரு வழியும் உண்டு. எந்தப் பந்தயத்துக்கும் வளைவுதோறும் கொடியேந்தி நிற்கும் தொண்டர்கள் தேவை. அமைப்பாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள வேண்டியவை முதலில் சில கொடிகளே: மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, முந்திச் செல்லலாகாது, நீலம் அசைந்தால் பின்னால் விரைவான வண்டி வருகிறது, வழி விடுக, சிவப்பு எழுந்தால் பந்தயம் நிறுத்தப்பட்டது, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இட்ட கொடி அசைந்தால் ஓட்டம் முடிந்தது.