பதிவேட்டில் இல்லாத கருவிகள்

குமரி முனையிலிருந்து கடலோரமாக முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது கூடங்குளம் அணுமின் நிலையம். மாவட்டம் திருநெல்வேலி என்றாலும், அங்கே ஏதாவது நேர்ந்தால் நாஞ்சில் நாடும் சேர்ந்துதான் கலங்கும். 2019 அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததாக வந்த செய்தியை நிர்வாகம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள நெட்வொர்க்கில் ஒரு பயனரின் கணினியில் தீநிரல் இருந்தது. செப்டம்பர் 4 அன்றே, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் அதைக் கவனித்துத் தெரிவித்திருந்தது. உலையை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது கழகம். அதை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன என்பதை அந்த நிறுவனம் முதலில் அறிகிறதா, வெளியாள் முதலில் அறிகிறானா?

கூடங்குளத்தில் புகுந்ததாகச் சொல்லப்பட்ட டிட்ராக் என்ற தீநிரல் செய்யும் வேலையைப் பாருங்கள். கணினியின் ஐ.பி. முகவரி, எட்டக்கூடிய நெட்வொர்க்குகள், ஓடும் நிரல்கள், வட்டில் உள்ள கோப்புகள் என எல்லாவற்றையும் திரட்டுகிறது. நாம் எடுக்காமல் விட்ட கணக்கைத் திருடன் உட்கார்ந்து எடுக்கிறான். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் கணக்கில் வராத ஒரு கருவியே திருடனுக்கு வழிவிட்டது. அனுமதியில்லாமல் இணைத்திருந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி வழியாக உள்ளே வந்தவர்கள், 2018இல் கண்டுபிடிக்கப்படும்வரை பத்து மாதம் இருந்தார்கள். 23 கோப்புகளில் சுமார் 500 மெகாபைட் தரவு போனது. கருவிப் பட்டியல் அங்கே இல்லாமல் இல்லை. பதிவு செய்யும் மென்பொருள் சில நேரம் வேலை செய்யாது, பிறகு மறந்துபோகும் என்று பொறுப்பாளர் ஒருவர் தணிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய பதில்தான்.

நம் அரசு அலுவலகங்களில் நாற்காலிக் காலில்கூடப் பெயின்டால் எண் எழுதியிருக்கும். ஆண்டுக்கொருமுறை இருப்புப் பதிவேட்டோடு சரிபார்ப்பார்கள். ஆனால் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகிய வைஃபை ரூட்டருக்கு எண்ணும் இல்லை, பதிவேட்டில் பக்கமும் இல்லை. அது இருப்பதைச் சொல்லக்கூடியது மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சுவிட்ச் பெட்டிதான். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச், எந்தத் துளையில் எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பேசுகிறது என்ற அட்டவணையை எப்போதும் கையில் வைத்திருக்கிறது. முகவரியின் முற்பாதி பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். பிரின்டரா கேமராவா என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். செல்பேசிகள் இப்போது முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவதால், இந்த அடையாளத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதும் உண்மை.

பழைய கருவிகளிடம் நெட்வொர்க் வழியே கேள்வி கேட்டுத் தேடினால் அவை நின்றுவிடும் என்று மருத்துவமனைகளும் ஆலைகளும் அஞ்சுகின்றன. நியாயமான அச்சம். ஆனால் அங்கே எதையும் தட்டிப்பார்க்காமல், சுவிட்சில் ஓடும் போக்குவரத்தின் நகலைக் கவனித்தே பட்டியல் எடுக்க வழியுண்டு. இணையத்திலிருந்து பிரித்து வைத்தாலே போதாதா என்பது இன்னொரு வாதம். பிரித்தது பிரிந்தே இருக்கிறதா என்பதைப் பட்டியல் இல்லாமல் எப்படி அறிவது? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் இணையத் தாக்குதலில் பூட்டப்பட்டபோது, நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. பட்டியலே திருட்டுப்போனால் என்ன செய்வது என்ற கவலைக்கு, அதைப் பூட்டி வைப்பதுதான் பதில். எழுதாமல் விடுவதால் திருடனுக்கு நட்டமில்லை, அவன் எடுத்துக்கொள்வான்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாகர்கோவில் மாநகராட்சி, ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போதே சுவிட்ச் தரும் அட்டவணையையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் நாளில் நிறையக் கருவிகள் உரிமையாளர் இல்லாமல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். யாரும் உரிமை கோராததைக் கழற்றிவிட வேண்டும்.