சிறகு வைத்த பொம்மை



“என் மகன் விடுமுறை நாள்களையெல்லாம் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவதிலேயே கழிக்கின்றான். பணமும் வீண், காலமும் வீண். போதாக்குறைக்கு அதனுள் ஒரு விமானியின் உருவமும் இருக்கின்றது. தொழும் அறையில் அதை வைக்கலாமா?” என்று சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். பதில் எழுதத் தாமதித்தமைக்கு அவர் பொறுத்தருள வேண்டும். அக்கடிதம் வந்த வேளையில் என் வீட்டு மேசைமீதும் அத்தகைய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. என் பேரன் வாங்கி வந்தது. ஒரு நல்ல சட்டையின் விலை. அது முடியும்வரை பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது டைகர் மாத் என்னும் பயிற்சி விமானத்தின் மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கு இறக்கை கொண்டது. 1931-இல் முதன்முதலாகப் பறந்த இவ்வகை விமானம் 8,000-க்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஐதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் இளைஞர்கள் பறக்கப் பழகியது இதில்தான். மாதிரியோ 72-இல் ஒரு பங்கு அளவு. ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகன்ற இறக்கை, பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றது. உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உருவத்தைப் பற்றிய ஐயம். படம் எழுதிப் பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. விமானம் உயிரற்ற பொருள்; அதில் தடையேதும் இருப்பதாக நான் அறியேன். சிறுவர்களின் விளையாட்டுப் பொருளைப் பொறுத்தவரை, அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சி ஒன்றைப் பலரும் கேட்டிருப்பீர்கள். காற்றில் திரை விலகியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணித் துண்டுகளால் இரு சிறகுகள் வைத்த குதிரை ஒன்றை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்து வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) விடை பகர்ந்தார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறகு வைத்த பொம்மைக்கு இதைவிட இனிய முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. எனினும் விமானியின் சிற்றுருவத்தை ஒட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருக்கையைக் காலியாகவே விட்டுவிட்டோம். என் மருமகளின் விருப்பம் அது.

காலியாக விட்டதில்தான் கதையே தொடங்கியது. விமானி உட்கார்ந்திருந்தால் அவன் தோளும் தலைக்கவசமும் குழியை மறைத்துவிடும். அவனை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கவேண்டியவை யாவும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. பெட்டியில் கொடுத்திருப்பதோ வெறும் பலகை போன்ற ஓர் இருக்கை. “இப்படி மொட்டையாக இருந்தால் யார் நம்புவார்கள்?” என்றான் பேரன். ஆகவே சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை முக்கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி வார்ப்பட்டைகள் செய்தோம். ஒரு பட்டை இருக்கையின் ஓரத்தில் தொங்கவேண்டும், மற்றொன்று மடிந்து கிடக்கவேண்டும். மனிதன் எழுந்துபோன இடம் அப்படித்தானே இருக்கும்? கறுப்புப் பலகையில் வட்டமாக வரைந்த அளவுகாட்டிகள்மீது ஊசிமுனையால் ஒவ்வொரு துளி நிறமற்ற வார்னிஷ் வைத்தால், உலர்ந்தபின் கண்ணாடிபோல் மின்னும். இவ்விமானத்தில் ஆசிரியர் முன்குழியிலும் மாணவர் பின்குழியிலும் அமர்வர். இரைச்சலில் பேச்சு எட்டாதாகையால், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு ஒரு குழாய் செல்லும். பழைய மின்கம்பியின் ஒற்றைச் செம்பிழைக்குக் கறுப்பு பூசி அக்குழாயையும் வைத்தாயிற்று. சுண்டுவிரல் நகம் நுழையாத குழிக்குள் இத்தனையும்!

அடுத்தது கம்பிகள். எளிதில் கைவிடப்படுவதும் இதுதான். இரண்டடுக்கு விமானத்துக்கு உயிரைத் தருவதும் இதுதான். பெட்டியில் கம்பிகள் வருவதில்லை, நாமேதான் கட்டவேண்டும். பெரும்பாலோர் அழகுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக நாலு நூலை ஒட்டிவிடுகின்றனர்.

அக்கால எஞ்சின்களுக்கு வலு குறைவு. விமானம் இலேசாக இருக்கவேண்டும், தூக்கிச் செல்லும் பரப்போ பெரிதாக வேண்டும். ஆகவே மரச்சட்டமும் துணியுமாக இரண்டு இறக்கைகளை அடுக்கி, நடுவே தாங்குகால்கள் நிறுத்தி, மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டினார்கள். மேலே பறக்கும்போது காற்று இறக்கைகளை வானோக்கித் தூக்கும். அப்போது அவை மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்வன, கீழே உடலருகில் தொடங்கி மேலே வெளித் தாங்குகாலின் உச்சிவரை செல்லும் கம்பிகள். தரையில் நிற்கும்போதோ இறக்கைகள் தம் பாரத்தால் கீழே சாயப் பார்க்கும். அப்பாரத்தை ஏற்பன, மேலே நடுவில் தொடங்கிக் கீழே வெளித் தாங்குகாலின் அடிவரை வரும் கம்பிகள். முன்னவை பேரளவு இழுப்பைத் தாங்குவதால் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும், பின்னவை ஒற்றை. இந்த வேலைப் பிரிவினை தெரிந்துவிட்டால், எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று படம் பார்க்காமலே கை சொல்லிவிடும். டில்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அங்குள்ள வாபிட்டி விமானத்தின் கம்பிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1933-இல் நம் விமானப்படையின் முதல் அணி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை அவ்வகையைச் சேர்ந்த நான்கே விமானங்கள்.

நம் தமிழ்நாட்டுக்கு இக்கதையில் பழைய பங்கு உண்டு. சென்னையில் ஓட்டல் நடத்திய தாஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்து, சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டதும் இரண்டடுக்கு விமானமே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். 1930-இல் அப்பரிசை வென்ற ஆஸ்பி எஞ்சினியருக்கு அப்போது பதினேழே வயது. எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஜே.ஆர்.டி. டாட்டா, எகிப்தில் பழுதாகி நின்ற அவருக்குத் தம் உபரி ஸ்பார்க் பிளக்குகளைக் கொடுத்துவிட்டுப் பறந்தார், பரிசையும் இழந்தார். இருவரும் ஓட்டியவை டைகர் மாத்துக்கு மூத்த சகோதரியான ஜிப்ஸி மாத் விமானங்கள். உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலி 1936-இல் லாகூரில் விமானி உரிமம் பெற்ற செய்தியை என் பேத்தியிடம் சொன்னேன். அன்றிலிருந்து வண்ணம் பூசும் வேலை தனக்கே என்று அவள் பிடிவாதம் பிடிக்கின்றாள்.

நாமக்கல்லில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. 72-இல் ஒரு பங்கில் உண்மையான கம்பி எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிப்பு வருகின்றது. பேரன் சீப்பிலிருந்து நீளமான முடிகளை எடுத்து, இடுக்கியால் பிடித்து, விறைப்பாகக் கட்டி முடித்துவிட்டான். பார்க்க அழகாகவே இருந்தது.

மே மாத வெயிலுக்கு அஞ்சிக் கொல்லிமலைக்குச் சென்றோம். என் பெரியத்தாவின் மகன் அங்கே மிளகு, காப்பி வணிகம் செய்கின்றார். பெரியத்தாவும் அவருடன்தான் இருக்கின்றார், 88 வயது. விமானத்தை அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பேரன் மடியிலேயே சுமந்து வந்தான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் விமானத்தைப் பார்த்தானேயன்றி மலையைப் பார்க்கவில்லை. சோளக்காட்டை அடைந்தபோது ஒரு கம்பிகூட அறவில்லை. மறுநாள் விடியற்காலை பஜ்ருக்கு எழுந்து பார்த்தால், சன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்திருந்தது. கம்பிகள் யாவும் நனைந்த கொடிக்கயிறுபோல் தொய்ந்து கிடந்தன. ஈரத்தில் முடி நீளும். காற்றின் ஈரத்தை அளக்க முடியைக் கொண்டே கருவி செய்தவர்கள் உண்டு என்று படித்திருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அதற்குள் என் மனைவிக்கு அது யாருடைய முடி என்பது தெரிந்துவிட்டது. உதிர்ந்த முடியைப் புதைப்பதே நம் வழக்கம், அதைக் காட்சிப்பொருளில் கட்டுவதா என்று அவர் கடிந்துகொண்டதை இங்கே விரித்தெழுத வேண்டாம். எல்லாவற்றையும் அறுத்து மண்ணில் புதைத்தோம்.

மாற்று வழி பெட்டிக்குள்ளேயே இருந்தது. உறுப்புகளைக் கழற்றியபின் எஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் முடியளவு மெல்லிய இழை கிடைக்கும். அளந்து நறுக்கி, இரு முனைகளையும் ஒட்டி, உலர்ந்தபின் புகையும் ஊதுபத்தியின் கங்கை அருகே கொண்டுபோனால் இழை சுருங்கித் தானே விறைக்கும். தொட்டுவிட்டால் அறுந்துவிடும். முதல் நாளில் ஏழு இழைகள் அறுந்தன. தீயுடன் செய்யும் வேலை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளை இதில் விடாதீர்கள்.

இவ்வேளையில்தான் பெரியத்தா கைநீட்டி விமானத்தைக் கேட்டார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அவர் தையற்காரர் என்பதை மட்டும் நாங்கள் அறிவோம். 1950-களின் இறுதியில் சென்னையில் விமானப் பயிற்சி தரும் இடம் ஒன்றில் அவர் இறக்கைகளுக்குத் துணி தைத்தவர் என்பதை இத்தனை ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் கேட்டறிந்ததில்லை. அவரும் சொன்னதில்லை. இறக்கைமீது கட்டைவிரலை ஓட்டினார். மீண்டும் ஓட்டினார்.

“தொங்குதேப்பா. ரெண்டு விலாவுக்கு நடுவுல குழி விழுந்திருக்கு. இப்படித் தொங்குற இறக்கையை நாங்க ஷெட்டை விட்டே வெளியில விடமாட்டோம்.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. துணி போர்த்த இறக்கை என்று காட்டுவதற்காகவே மாதிரி செய்வோர் விலாக்களைப் புடைப்பாகவும் இடைவெளியைப் பள்ளமாகவும் அச்செடுத்துவிடுகின்றனர். உண்மையான இறக்கையில், லினன் துணியை மெழுகு பூசிய நூலால் விலாக்களோடு சேர்த்துத் தைத்து, தையலின்மேல் நாடா ஒட்டி, டோப் என்னும் ஒருவகை வார்னிஷைப் பலமுறை பூசுவர். டோப் உலர உலரத் துணி சுருங்கி, தஃப்பின் தோல்போல் விண்ணென்று நிற்கும். தட்டிப் பார்த்தே தாங்கள் குறை கண்டுபிடித்ததாகப் பெரியத்தா சொன்னார். நீண்ட ஊசியை மேலிருந்து கீழே செலுத்தித் தைத்த விதத்தைக் காற்றிலேயே செய்து காட்டினார். அந்த விரல்கள் நடுங்கவில்லை. பேரன் உப்புத்தாளை நீரில் நனைத்து இரண்டு நாள் தேய்த்தான். ஒவ்வொரு முறையும் பெரியத்தாவின் கட்டைவிரல்தான் தீர்ப்பு வழங்கியது. “இன்னும்,” “இன்னும்,” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

வால் பற்றியும் ஒரு செய்தி. பறக்க முயன்ற குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைப் பற்றி நம் இதழ்களில் எழுதாதவர் இல்லை. வால் வைத்துக்கொள்ளாததால் இறங்கும்போது அடிபட்டார் என்று மக்கரீ எழுதியிருப்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகின்றேன். டைகர் மாத்தின் வாலுக்குக் கீழே சக்கரம் இல்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் ஒரு கட்டைதான். வேகத்தை அடக்குவதும் அதுவே, ஏனெனில் அவ்விமானத்துக்கு பிரேக் கிடையாது. ஆகையால் அக்கட்டையின் நுனியில் மட்டும் வண்ணம் தேய்ந்து மண் ஏறியிருக்கவேண்டும். பேத்தி கொல்லிமலைச் செம்மண்ணைச் சலித்து, நீர்கலந்த பசையில் குழைத்துத் தடவினாள். உடல் முழுதும் அழுக்குப் பூசவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்; அதற்கு நான் இணங்கவில்லை. பயிற்சி விமானத்தை நாள்தோறும் துடைப்பார்கள்.

சகோதரிக்கு என் விடை இதற்குள்ளேயே இருக்கின்றது. செலவு ஒரு சட்டை விலை. காலம் ஒரு விடுமுறை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசாதிருந்த ஒருவர் ஒன்பது நாள் பேசினார். அவற்றுள் பாதியைப் பேரன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றான்.

வேலை இன்னும் முடியவில்லை. பளபளப்பை அடக்கும் இறுதி வார்னிஷைச் சோளக்காட்டிலேயே பூசிவிட எண்ணினோம். பெரியத்தா தடுத்துவிட்டார். ஈரக் காற்றில் பூசினால் டோப் வெண்மூட்டம் போட்டுவிடும், துணியின் பிடிப்பும் குறையும் என்பதால் மழை நாள்களில் பூச்சுக் கொட்டகையை மூடியே வைப்பார்களாம். மாதிரிக்குரிய வார்னிஷுக்கும் அதே குணம். ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் பூசிப் பார்த்தேன். காலையில் பால் தெளித்தாற்போல் வெளுத்திருந்தது. இப்போது விமானம் அட்டைப் பெட்டியில் பஞ்சுக்குள் இருக்கின்றது. பெரியத்தாவும் எங்களுடன் நாமக்கல்லுக்கு இறங்கி வந்திருக்கின்றார். வானம் இரண்டு நாளாக மூடிக்கிடக்கின்றது. வெயில் வந்ததும், இன்ஷா அல்லாஹ், பூசிவிடுவோம்.