விளையாட மருந்துச் சீட்டு எதற்கு?

சென்னைப் பூங்காக்களில் காலையில் பெண்கள் நடக்கிறார்கள். அதைக் காட்டி, ‘பெண்கள்தான் வெளியே வந்துவிட்டார்களே’ என்கிறார்கள். நான் கேட்பது வேறு. தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் நாற்பது வயது ஆண் இன்னமும் கிரிக்கெட் ஆடுகிறார். அவர் வயதுப் பெண் ஏன் ஆடுவதில்லை?

நடப்பதற்கு அவளிடம் மருந்துச் சீட்டு இருக்கிறது: சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி. அவள் படுத்துவிட்டால் வீட்டில் உலை ஏறாது என்பதால் அனுமதி கிடைக்கிறது. விளையாட்டால் குடும்பத்துக்கு அப்படியொரு பயன் இல்லை. அது அவளுடைய சந்தோஷம் மட்டுமே. பொதுவெளியில் இருக்கப் பெண் ஒரு காரணம் காட்டியாக வேண்டியிருக்கிறது என்று ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ நூலில் எழுதினார்கள். சந்தோஷம் இன்னும் அந்தக் காரணங்களில் சேரவில்லை.

‘நேரமில்லை’ என்கிறார்கள். யாருக்கு? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொட்ட ஆண்களின் சராசரிதான். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் தொடவே இல்லை. வித்தியாசம் 202 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைவிட அதிக நேரத்தை ஒரே நாளில் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

‘வீட்டு வேலையே நல்ல உடற்பயிற்சிதானே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவ்வளவு நல்லதென்றால் நீங்களும் செய்யலாம்.

‘ஆர்வமில்லை’ என்பது அடுத்த பொய். பாண்டியும் கோகோவும் ஆடிய சிறுமியை, வயதுக்கு வந்ததும் ‘குதிக்காதே’ என்று உள்ளே இழுத்துவிட்டு, முப்பது வருடம் கழித்து ஆர்வத்தைத் தேடுகிறார்கள்.

‘காசு கொடுத்தால் டர்ஃப் இருக்கிறதே’ என்பார்கள். சொந்த வருமானம் இல்லாதவள் அந்த மணிக்கணக்கு வாடகையை யாரிடம் கேட்பாள்? வீட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டு ஷட்டில் ஆடப் போகிற வசதி நம்மில் சிலருக்கு உண்டு. இரண்டு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் அந்தப் பெண்ணின் மாலை நேரத்தைச் சேர்க்காத பெண்ணியக் கணக்கும் தப்புக் கணக்கே.

ஆகவே ‘உற்சாகப்படுத்தும்’ பிரச்சாரங்கள் வேண்டாம். மாநகராட்சி மைதானங்களில் பெண்களுக்கென்று மாலையில் ஒதுக்கிய நேரம், கட்டணமில்லாமல் வேண்டும். விளக்கு எரிய வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் குக்கரை ஆண்கள் ஏற்ற வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால், ‘விளையாட’ என்ற ஒரு சொல் பதிலாகப் போதுமானதாக இருக்க வேண்டும்.