பாளையம் பிடிபட்டது, பட்டா யாருக்குப் போனது?

ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று போகிற ரோட்டில் அந்தப் பத்துப் பதினைந்து நாளும் கொடி கட்டிய வேன்களும் போலீசும் தடை உத்தரவும்தான். 'எங்காளுதான் மொதல்ல வாளத் தூக்குனான்' என்று ஆளுக்கொரு மைக். நானும் மாலை போட்டு வந்தவன்தான். மாலை போடுவது தப்பில்லை. ஆனால் எந்த மைக்கிலும் கேட்காத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. அந்தச் சண்டையில் பிடிபட்ட நிலம் கடைசியில் யார் கைக்குப் போனது?

சண்டை எதுக்கு? வரிக்கு. 1755இல் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் வசூலிக்க கர்னல் ஹெரான் கம்பெனிப் படையோடு வந்தான். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் மறுத்தார். 1761இல் யூசுப்கான் அவர் கோட்டைகளைப் பிடித்தான். அந்த யூசுப்கானையே 1764இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. அதே 1801 ஜூலையில் கர்நாடக ஆட்சி மொத்தத்தையும் நவாபிடமிருந்து கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது.

இதில் நம் ஆட்கள் ரத்தம் சிந்தியது ஊரறிந்த கதை. ஒண்டிவீரன் அருந்ததியர். வெண்ணிக்காலாடி தேவேந்திரர். சரிந்த குடலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு காலாடி நின்று சண்டை போட்டதை இன்றைக்கும் கிழவிகள் சொல்கிறார்கள். எதிரி முகாமுக்குள் ஒற்றை ஆளாகப் புகுந்து, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு மீண்டவர் ஒண்டிவீரன் என்பதும் வாய்மொழிதான். 2022இல் மத்திய அரசு அவருக்குத் தபால்தலை போட்டது. தபால்தலையில் முகம் வந்துவிட்டது. அடங்கலில் பேர் வரவில்லை.

பிடிபட்ட பாளையங்களைக் கம்பெனி என்ன செய்தது? எதிர்த்தவனிடம் பிடுங்கி, ஒத்துழைத்தவனுக்குக் கொடுத்தது. பாஞ்சாலங்குறிச்சியை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன் கிராமங்களை எட்டயபுரம் முதலான பாளையங்களுக்குப் பிரித்தது. மிச்சப் பாளையக்காரர்களிடம் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டு 1803இல் சனது எழுதிக் கொடுத்தது. பாளையம் ஜமீன் ஆச்சு. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். சேத்தூரும் சிவகிரியும் ஜமீன்களாக நின்றது இப்படித்தான். தோற்ற பிறகும் மேலே இருந்தவன் மேலேயே இருந்தான். கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகை சனதில் ஏறியது. ஏர் பிடித்தவன் பேர் ஏறவில்லை.

1892இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் அறிக்கையை ஒட்டிப் பஞ்சமி நில ஆணை வந்தது. அது சர்க்கார் தரிசைக் கொடுக்கிற ஏற்பாடு. ஜமீனுக்குள் தரிசும் ஜமீனுடையது. அந்த வாசலும் ஜமீன் சேரிக்குச் சாத்தியே கிடந்தது.

சுதந்திரம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1948ஆம் வருஷத்து 26ஆவது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதுவும் அதே கேள்வியைத்தான் கேட்டது: கணக்கில் யார் பேர் இருக்கு? பேர் இருந்த குடியானவனுக்கு ரயத்துவாரி பட்டா. ஜமீன்தாருக்குப் பண்ணை நிலத்துக்குப் பட்டா, மற்றதுக்கு நஷ்டஈடு. பண்ணையாளாகவும் கூலியாகவும் உழைத்தவன் இந்தக் கணக்கிலேயே வரமாட்டான். கணக்கு கர்ணம் கையில். 1980இல் அந்த வேலையை ஒழிக்கும் வரை எங்கள் பக்கத்துச் சேரியில் ஒரு கர்ணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. 1961இல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள், 1970இல் 15 என்றார்கள். அதற்குள் பினாமிப் பேர்கள் பெருகிவிட்டன.

நான் பேங்க் கிளார்க். விவசாயக் கடன் கவுண்டர். போன மாசம் காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

'பட்டா, சிட்டா, அடங்கல் கொண்டாந்திருக்கீகளா தாத்தா?'

'அதெல்லாம் இல்லய்யா. எங்க பாட்டன் வெட்டித் திருத்துன காடு. கம்மாக்கரை ஓரம். பருத்தி, கடலை எல்லாம் நாங்கதான் போடுறோம்.'

'ஒங்க பேர்ல இருக்கா?'

'பேரு அவுகளுது. பாடு எங்களுது.'

ஃபாரத்தில் பாடு என்று ஒரு கட்டம் கிடையாது. திருப்பி அனுப்பியது நான்தான். கம்பெனி 1803இல் கேட்ட கேள்வியை, சேரியில் பிறந்த நானே கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றவனைத் திட்டி எழுதினால் அது யோக்கியமில்லை.

அரசியல் அந்தஸ்து மாறவில்லையா? மாறியிருக்கிறது. ராஜபாளையம் 2006 தேர்தல் வரை தனித்தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் தனி. வாசுதேவநல்லூர் தனி, சங்கரன்கோவில் தனி. இவையெல்லாம் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனி. பூலித்தேவர் காலத்துப் போர்க்களத்துக்கு இன்றைக்கு டெல்லியில் பேசவேண்டியவர் நம் ஆள். ஆனால் ஓட்டர் லிஸ்டில் இருக்கிற பேர் நிலக் கணக்கில் இல்லை. அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்.

'இருக்கிற அமைதியையும் கெடுக்காதீங்க' என்பார்கள். சம்சாரி வைத்திருக்கிற ரெண்டு ஏக்கரை யாரும் கேட்கவில்லை. ஜமீன் பண்ணை என்று பட்டாவான நிலம் எவ்வளவு? உச்சவரம்பில் எடுத்தது எவ்வளவு, அது யாருக்குப் போனது? இப்போது அனுபவத்தில் யார்? கிராமம் கிராமமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். சேரிக்கு ரெண்டு படித்த பிள்ளைகள் போதும். மனு எழுத நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவுதான்.

அடுத்த ஆகஸ்ட் 20க்கு மாலையோடு அந்தப் பட்டியலையும் கொண்டுபோவோம். மைக்கில் அதை வாசிப்போம்.